எண்ணூறு அடிக் கோடு

வணக்கம். நாகமரை, ஒகேனக்கல் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லப்போவது சீக்கிரம் பிடிபடும். கோடையில் மேட்டூர் அணை நீர் இறங்கும்போது கரைச் சரிவைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நாலு நாள் நின்ற இடத்தில் ஒரு கோடு, இறங்கி நின்ற இடத்தில் இன்னொன்று. மேடு வந்தால் கோடு சுற்றிக்கொண்டு போகும், ஓடை வந்தால் உள்ளே நுழைந்து திரும்பும். ஆனால் ஒரு கோட்டின்மேல் எங்கே நின்றாலும் உயரம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் சம உயரக் கோடு என்று படித்தோமே, அது இதுதான்.

என்னிடம் பழைய சர்வே வரைபடத் தாள்கள் இரண்டு இருக்கின்றன. தரையில் ஒரு மைலுக்குத் தாளில் ஓர் அங்குலம், 50 அடி உயரத்துக்கு ஒரு கோடு. ஒகேனக்கல் தாளின் எண் 57 ஹெச்/16. காவிரி பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் பழுப்புக் கோடுகள் நகம் நுழையாதபடி நெருங்கி நிற்கும். நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

அதற்குத் தெற்கே உள்ள தாள்தான் எனக்கு உயிர். 1934-இல் மேட்டூர் அணை முடிவதற்கு முன் அளந்தது. அதில் ஏரி கிடையாது. ஆறும் கரையோர ஊர்களும்தான். அணை நிரம்பினால் 120 அடி என்று செய்தியில் கேட்கிறோம் அல்லவா, அந்த நீர்மட்டத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளந்தால் 790 அடி. ஆக, 800 அடிக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனால், அதற்குச் சற்றுக் கீழே இன்றைய ஏரிக்கரை. அணை எழும்பும் முன்பே கரை தாளில் இருந்திருக்கிறது!

ஒருமுறை பரிசல் துறையில் இந்தத் தாளை விரித்தேன். வயதான பரிசல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"எங்க தாத்தா ஊரு இதுல இருக்குதுங்களா சார்?"

ஊர்ப்பெயரைச் சொன்னார். தேடினேன், இருந்தது. படித்துக் காட்டினேன்.

"ஊருக்குக் கெழக்கால ஒரு கெணறு இருந்துச்சாம். போட்டிருக்காங்களா?"

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடுகளவு ஒரு நீலப் புள்ளி. அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். வெகுநேரம் அவர் விரலை எடுக்கவில்லை. அப்புறம் தலையைத் தூக்கி, ஏரியின் நடுவே ஓரிடத்தைக் காட்டினார்: "அங்கதானுங்க."

சரி, மலையுச்சிகளிலிருந்து இதையெல்லாம் எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக ஒன்று: நீங்கள் ஒரு மொட்டைமாடியிலும் உங்கள் தம்பி இன்னொரு மாடியிலும் நின்று ஒரே தென்னையை நோக்கிக் கை நீட்டுங்கள். இரண்டு கைகளின் திசையும் சந்திக்கும் இடத்தில் தென்னை நிற்கும். பள்ளத்தாக்கில் இறங்காமலே அதன் பாறைகளைத் தாளில் குறித்தது இப்படித்தான். கருவிப் பெட்டிகளைச் சுமந்து அந்த மலைகளில் ஏறிய சர்வே உதவியாட்களான கலாசிகளைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். வணக்கம்.