"பூம்புகாரில் பார்க்க ஒன்றுமே இல்லையே?" தரங்கம்பாடி முதல் கோடியக்கரை வரை ஒரு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்.

"சார், போன வருஷம் மே மாதம் பூம்புகாரும் தரங்கம்பாடியும் போனோம். வெயிலில் அலைந்ததுதான் மிச்சம். பூம்புகாரில் பார்க்க ஒன்றுமே இல்லை. தரங்கம்பாடி மியூசியத்தில் பத்து நிமிஷத்தில் என் பையன் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டான். இந்த முறை வேதாரண்யம், கோடியக்கரை வரைக்கும் மூன்று நாள் போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். மாமியாரும் வருகிறார். போனால் பிரயோஜனம் உண்டா? எந்த மாதம் போவது?"

தாராளமாகப் போகலாம், சகோதரி. ஆனால் மே மாதம் வேண்டாம். மாதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் "ஒன்றுமே இல்லை" என்று சொன்னீர்களே, அதைப் பேசிவிடலாம். அந்தக் கரைக்குப் போய்த் திரும்புகிறவர்களில் பல பேர் என்னிடம் சொல்வது இதைத்தான். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பி வந்தேன்.

அந்தக் கரையின் பொருள்கள் பெரும்பாலும் அந்தக் கரையில் இல்லை. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள 1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு அனுமதி கொடுத்தார். அப்போது டென்மார்க் அரசருக்கு அவர் எழுதிய பொன் ஓலை இன்றைக்குக் கோபன்ஹேகனில் இருக்கிறது. நாகப்பட்டினத்தில் கடல் கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. நாகையில் 1856 முதல் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர் படிமங்கள் சுமார் 350. அவற்றில் நல்ல நல்ல படிமங்களை நீங்கள் சென்னை எழும்பூர் மியூசியத்தில்தான் பார்க்க வேண்டும். விகாரத்தின் செங்கல் கோபுரமாவது மிஞ்சியதா என்றால், கப்பல்காரர்களுக்கு அடையாளமாக 19ஆம் நூற்றாண்டு வரை நின்ற அதை 1867ல் இடித்துவிட்டார்கள். மீதி இருந்ததில் கடல் கொண்டது பாதி.

ஆகவே அங்கே உங்களுக்குக் கிடைப்பது இடம்தான். இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பையனுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு அரைமணி நேரம் கதை சொல்லிக் கூட்டிப்போனால் அவன் கையை இழுக்க மாட்டான். இல்லை, இழுப்பான், ஆனால் "அது எங்கேம்மா, காட்டு" என்று இழுப்பான்.

சரி, பூம்புகார். கடற்கரைக்குப் போய் நின்றீர்கள், அலை வந்தது, திரும்பிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை பூம்புகாரை ஒட்டிய கீழையூருக்குப் போங்கள். அங்கே தொல்லியல் துறை தோண்டிய செங்கல் படகுத்துறை இருக்கிறது. படகைக் கட்ட நட்டிருந்த மரத் தூண்களின் மிச்சமும் அதில் கிடைத்தது. அந்த மரத்தைக் கார்பன் முறையில் கணித்து, கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்றார்கள். அங்கே நின்றுகொண்டு பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே படகு கட்டினார்கள் என்றால் தண்ணீர் எங்கே இருந்திருக்கும்?" இன்றைக்குச் சுற்றிலும் வெறும் நிலம். ஆறு இடம் மாறிவிட்டது. காவேரி கடலில் சேரும் இடத்தையும் போய்ப் பாருங்கள். குடகில் பிறந்து வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்த ஆறு, கடைசியில் ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கும். என் அம்மாவைக் கூட்டிப்போனபோது அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். உங்கள் மாமியாருக்கும் அந்த இடம் பிடிக்கும். பூம்புகாரிலேயே பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம் இருக்கிறது, அது கால் மணி நேரம். சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ல் திறந்தது. கண்ணகி கதை தெரிந்தால் சுவரில் உள்ள சிற்பங்களை வரிசையாக நீங்களே படித்துவிடலாம்.

அடுத்து தரங்கம்பாடி. எல்லாரும் நேராகக் கோட்டைக்குள் போய்விடுகிறார்கள். நான் மாசிலாமணி நாதர் கோயிலில் ஆரம்பிக்கச் சொல்வேன், அதுவும் காலை ஆறு மணிக்கு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அங்கே உள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடியான குலசேகரன் பட்டினம் என்று சொல்கிறது. கோயிலின் முன்பகுதி முழுக்கக் கடலுக்குள் போய்விட்டது. மிஞ்சியதைப் பிறகு புதுப்பித்திருக்கிறார்கள். கரையில் கொட்டியிருக்கும் பாறைகளின் ஓரமாக நின்று பாருங்கள். அலை பின்வாங்கும்போது செதுக்கிய கல் ஒன்றிரண்டு தலை காட்டும், அடுத்த அலையில் மறையும். நான் பார்த்த ஒரு கல்லின் விளிம்பு, நாள்பட்ட சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று உருண்டுபோயிருந்தது. உளி பட்ட கோடு ஒரு பக்கத்தில் மட்டும் மிச்சம். பூம்புகாருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை அந்த ஒரு கல் சொல்லிவிடும். பாறை வழுக்கும், பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

கோட்டையை அதன் பிறகு பார்க்கலாம், மியூசியம் அதற்குள்தான். ஒன்று மறக்க வேண்டாம்: நம் ஊர் அரசு அருங்காட்சியகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். தெரியாமல் விடுமுறை நாளில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. மேல்தளத்துக்குப் போய்க் கடலைப் பாருங்கள். 225 வருஷம் டேனிஷ்காரர்கள் கப்பல் வருகிறதா என்று பார்த்த இடம் அது. வியாபாரம் கட்டுப்படியாகாமல் 1845ல் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

உங்கள் பையனுக்கு இங்கே ஒரு நல்ல கதை இருக்கிறது. சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1706 ஜூலை 9ஆம் தேதி இந்தக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அ, ஆ கற்றுக்கொண்டார். அதே மனிதர் 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். காகிதம் போதாமல் பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையே வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். 1718ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்துக்குள்தான் அவர் அடக்கமாகியிருக்கிறார். பையனைக் கடற்கரை மணலில் உட்கார வைத்து விரலால் ஒரு "அ" எழுதச் சொல்லுங்கள். மியூசியத்தில் அரை நாள் இருந்தாலும் இது வராது.

நாகை, நாகூர், வேளாங்கண்ணி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ராத்திரி தங்க வேளாங்கண்ணி வசதி. திருவிழா நாள்களிலும் சனி ஞாயிறிலும் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்து வேதாரண்யம், கோடியக்கரை. இங்கேதான் மாதம் முக்கியம். பறவைகள் வருவது மழையோடு, அக்டோபர், நவம்பர் தொடங்கி. உப்பளத்தில் வேலை நடப்பது மழை விட்ட பிறகு. மே மாதம் போனால் உப்பு உண்டு, பறவை இல்லை. டிசம்பரில் போனால் பறவை உண்டு, உப்பளம் வெறும் தண்ணீர். இரண்டையும் பார்க்க எனக்குப் பிடித்த நேரம் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி. பறவைகள் இன்னும் முழுக்கக் கிளம்பியிருக்காது, அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்புப் பாத்தி கட்டும் வேலை தொடங்கியிருக்கும். பாத்தியின் தரையை ஆட்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள், தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்பதற்காக. அந்த உப்பு நீரில் நாள் முழுக்க நிற்கும் கால்களைப் பார்த்த பிறகு வீட்டில் உப்பைச் சிந்த மனம் வராது. படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

1930ல் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. வழியில் யாரும் இவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார்கள் என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? இந்தக் கதையைக் காரில் போகும்போதே பையனுக்குச் சொல்லுங்கள், வழியெல்லாம் மரத்தைப் பார்த்துக்கொண்டே வருவான்.

வேதாரண்யம் கோயிலை மாமியாருக்காக மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி அடைத்த கதவின் கதை அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவரையே பேரனுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

கோடியக்கரைக்கு விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சரணாலயத்துக்கு வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். வெளிமான்கள் புல்வெளியில் மேய்வதைக் காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்தால்தான் உண்டு. கிடாவுக்கு முதுகு கறுப்பு, கொம்பு முறுக்கு முறுக்காக இருக்கும். பெட்டைக்குப் பழுப்பு நிறம், கொம்பு கிடையாது. கூடவே குதிரைகள் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். எப்போதோ யாரோ வளர்த்து விட்டவை, காட்டிலேயே பெருகிவிட்டன. மான் மேயும் புல்லைத்தான் அவையும் மேய்கின்றன.

பூநாரைகள் சதுப்பில் தூரத்தில் ஒரு வெளிர் சிவப்புக் கோடு மாதிரிதான் முதலில் தெரியும். பைனாகுலர் இல்லாமல் போனால் "இதற்கா வந்தோம்" என்று தோன்றும். ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள். அதில் பார்த்தால் பறவை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, காலால் சேற்றை மிதித்துக் கிளப்பி, அலகால் வடிகட்டித் தின்பது தெரியும். உப்பளத்தில் மிதித்தவர்களைப் பார்த்த பையன் அதை உடனே பிடித்துக்கொள்வான். அங்கேயிருந்த சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. அடிப்பகுதியின் மிச்சம்தான் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் போட வேண்டாம், கையில் பையோடு அவற்றின் பக்கம் போகவும் வேண்டாம். குடிக்கத் தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரால் அதிகம் நடக்க முடியாதென்றால் வண்டியில் இருந்தபடியே மானைப் பார்க்கலாம், அவரை வெயிலில் இறக்கிவிட வேண்டாம். மழை பலமாகப் பெய்திருந்தால் உள்பாதையில் தண்ணீர் நின்று வண்டி போகாது. அதனால் வேதாரண்யத்தில் இருக்கும்போதே முந்தின நாள் சாயங்காலம் வனத்துறை அலுவலகத்தில் பாதை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.