பழமும் சீனியும் ஒன்றா?

நடுவர் அவர்களே, கோயில் கொடைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, அத்தைமாரே, அண்ணாச்சிமாரே, எல்லாருக்கும் வணக்கம். குடல் நன்றாக இருக்க, சீனியை விட்டுப் பழத்துக்கு மாறுவதில் பலன் உண்டா இல்லையா என்பது தலைப்பு. உண்டு என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி, சீனியில் இருப்பதும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ்தான், வாழைப்பழத்தில் இருப்பதும் அதுதான், வயிற்றுக்குள் போன பிறகு எது எதென்று யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

குடல் பார்க்கும், அண்ணாச்சி. டீயில் போட்ட சீனி சிறுகுடலிலேயே மளமளவென்று ரத்தத்தில் ஏறிவிடும், கீழே பெருங்குடலில் கோடிகோடியாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அதிலிருந்து அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. கொய்யாவைக் கடித்துத் தின்றால் கதை வேறு. 100 கிராம் கொய்யாவில் சுமார் 9 கிராம் சர்க்கரை இருந்தால் கூடவே 5 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. அந்த நாரை நம்மால் செரிக்க முடியாது, அது அப்படியே இறங்கிப்போய் அந்த உயிர்களுக்குச் சாப்பாடாகிறது, அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் மாதிரியான கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன, பெருங்குடல் சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான். சுவர் உறுதியாக இருந்தால் கிருமித் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிவது குறையும், உடம்புக்குள் ஓயாமல் புகையும் அழற்சியும் குறையும்.

நார் கிடைக்காவிட்டால்? 2016-இல் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்ன ஆரம்பித்தன. எலிதான், மனிதன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படலம் நமக்கும் இருக்கிறது.

எதிரணித் தங்கச்சி, கருப்பட்டிக்கு மாறினால் போதுமே என்றாள். உடன்குடிக் கருப்பட்டி என்றால் எனக்கும் உயிர், ஆனால் பதநீரைக் காய்ச்சி எடுத்த இனிப்பில் நார் எங்கே இருக்கிறது? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் குறைக்கச் சொன்ன சர்க்கரையில் நாம் சேர்க்கும் சீனி வருகிறது, தேன் வருகிறது, பழச்சாறுகூட வருகிறது, முழுப்பழம் வரவில்லை. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் ரொம்ப நல்லது என்கிறார்கள். தம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சீனி போட்டு நாலு டீ குடித்தால் அதுவே 32 கிராம் ஆகிவிடுகிறது, பலகாரத்தை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. ஜூஸாக்கிக் குடித்தாலும் பழம்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 1,87,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்து 2013-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், முழுப்பழம், அதிலும் திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்திருக்கிறது, ஜூஸ் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடுதலாக வந்திருக்கிறது.

பழம் விலை அதிகம் என்றும் ஒரு வாதம் வந்தது. ஆப்பிளை யார் கேட்டார்கள்? களக்காட்டுப் பக்கம் தார் தாராக வாழை வெட்டுகிறார்கள், தெருவில் கூடையில் கொய்யா வருகிறது, சீசனில் நாவல்பழம் வருகிறது, வீட்டுக் கொல்லையில் பப்பாளி நிற்கிறது. அல்வாவை விடச் சொல்கிறேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம், நல்ல நாளில் தின்னும் ஒரு துண்டு அல்வாவோடு எனக்குச் சண்டை இல்லை, தினமும் கேட்காமலே உள்ளே போகிற சீனியோடுதான் சண்டை. சீனியையும் வைத்துக்கொண்டு மேலே பழத்தையும் ஏற்றினால் அது மாற்றம் ஆகாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எந்தப் பழம், எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாம்பழம் தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்களுக்குப் பப்பாளி ஒத்துக்கொள்ளலாம்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் கொடைக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள், நாளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கலர் பாட்டில் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுங்கள், இரண்டு தார் நானே வாங்கித் தருகிறேன்.