பெரிய இலை, சின்னத் தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். மாடித் தோட்டம் பற்றிப் பேச அழைத்தார்கள். கத்தரி, வெண்டை, கீரை பற்றிப் பேச நம்மூரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் என் அரசமரத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள்.

திருநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்த மரம் நிற்கிறது. என் கைக்கு வந்து 11 வருஷம். உயரம் ரெண்டடி. அடிமரம் என் மணிக்கட்டு கனம். போன்சாய் என்று சொல்கிறோமே, அந்த வகை. தட்டில் நட்டது என்பதுதான் அந்த ஜப்பானியச் சொல்லுக்குப் பொருள். ஆனால் இதை எப்படி வளர்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அரசமரம் இல்லை. மதுரைப் பக்கமே வராத ஒரு மரம்.

12 வருஷத்துக்கு முன்னால் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் போர்ட்லண்ட் போயிருந்தேன். ஏப்ரல் மாதம். அவள் வீட்டுக் கொல்லையில் கீரை விதைத்த மாதிரி நாற்றுகள் முளைத்துக் கிடந்தன. நாடா போல ரெண்டு விதையிலை, அதற்கு மேலே சின்னதாக ஒரு ஜோடி இலை. பக்கத்து மேப்பிள் மரத்தின் விதை. ரெக்கை வைத்த விதை, காற்றில் சுழன்று சுழன்று வந்து விழும். அந்த மரத்துக்கே பெரிய இலை மேப்பிள் என்றுதான் பெயர். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து கலிபோர்னியா வரைக்கும் அதன் நாடு. மேப்பிள் வகைகளிலேயே இதற்குத்தான் இலை பெரிசு. 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும், அஞ்சு விரல் விரித்த கை மாதிரி. நம்மூரில் இருந்தால் அதில் சாப்பாடே பரிமாறலாம்.

அதில் ஒரு நாற்றை எடுத்துத் தொட்டியில் வைத்தோம். பேத்தி பிறந்த வருஷத்து மரம், சின்னதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. செப்டம்பர் கடைசியில் நான் ஊர் திரும்பிவிட்டேன். டிசம்பரில் மகள் போன் பண்ணினாள். "அம்மா, ஒரு இலை இல்லம்மா, செத்துப்போச்சு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உள்ளே எடுத்து வைடி, குளிர் தாங்காது." அது தப்பு. அங்கே செடி விற்கிற ஒரு பெரியவர்தான் அவளைத் தடுத்தார். அந்த மரத்துக்குக் குளிர்தான் தூக்கம், உள்ளே வைத்தால் தூங்காமலே நலிந்துவிடும். வெளியிலேயே தரையில் வைத்து, வேர் உறையாமல் தொட்டியைச் சுற்றிச் சருகு மட்டும் குவித்து வை என்றார். வசந்தத்தில் மரம் துளிர்த்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேப்பிள் விதை கிடைக்குமா, மதுரையில் வளருமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். வளராது. அந்த விதை முளைக்கவே ரெண்டு மூணு மாதம் ஈரத்திலும், உறைநிலையை ஒட்டிய குளிரிலும் கிடக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து விதையை ஏமாற்றி முளைக்க வைத்துவிடலாம். மரத்தை எப்படி ஏமாற்றுவது? நம்மூர் மார்கழிப் பனியை அது குளிராகவே எடுத்துக்கொள்ளாது. அப்புறம் சித்திரையில் 40 டிகிரி. வேண்டாம், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். பெரிய இலைதான் ஆசை என்றால் அரசு இருக்கிறது, பூவரசு இருக்கிறது, அத்தி இருக்கிறது. நம் வெயிலில் பிறந்த மரங்கள்.

என் அரசங்கன்று கடையில் வாங்கியதில்லை. நான் ஊர் திரும்பிய அடுத்த வருஷம், வீட்டுப் பின்சுவரில் தண்ணீர்க் குழாயை ஒட்டி ஒரு விரிசலில் முளைத்திருந்தது. பறவை எச்சத்தில் வந்த விதை. பூச வந்த கொத்தனார் ஆசிட் பாட்டிலோடு வந்தார். "அரசை விட்டா சுவரைப் பொளந்துரும்மா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கன்றை முழுசாக எடுத்துக் கொடுங்கள், விரிசலை எப்படி வேண்டுமானாலும் அடையுங்கள் என்றேன். ராத்திரி முழுக்க ஈரச்சாக்கைச் சுவரில் தொங்கவிட்டோம். காலையில் உளி வைத்து ஒரு செங்கல்லை அப்படியே பெயர்த்தார். செங்கல்லுக்கும் காரைக்கும் நடுவில் வேர் இருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பளம் மாதிரி தட்டை. ஆணிவேர் கீழே இறங்க வழியில்லாமல், எல்லாம் பக்கத்தில் விசிறியாக ஓடியிருந்தன. தட்டுத் தொட்டிக்கு ஆணிவேரை வெட்டி, பக்கவேரைப் பரப்பத்தான் வருஷக்கணக்கில் பாடுபடுவார்கள். அந்த வேலையைச் சுவரே செய்து வைத்திருந்தது.

அவ்வளவு நல்ல கன்றை நான் மூணு வருஷம் வீணடித்தேன். ஆசையில் நேராகச் சின்னத் தொட்டியில் வைத்துவிட்டேன். மூணு வருஷமும் தண்டு பென்சில் கனம்தான். பென்சில் மேல் அகல அகலமாக நாலு இலை. பார்க்க மரமாக இல்லை, குச்சியில் விசிறி செருகின மாதிரி இருந்தது. போர்ட்லண்டிலும் அதே கதை. அங்கே மகள் அந்தப் பெரியவரிடம் மரத்தைக் காட்டியிருக்கிறாள். இலை பெரிசு என்றால் முதலில் அடிமரத்தைப் பெரிசாக்கு, தரையில் நடு என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே எனக்குப் போன் வந்தது.

நேயர்களே, இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். சின்ன இலை மரம் என்றால் ஒரு சாண் உயரத்திலும் மரமாகத் தெரியும். பெரிய இலை மரத்தை அப்படி ஆக்க முடியாது. இலையை ஓரளவுக்குத்தான் குறைக்கலாம். மிச்சத்துக்கு ஈடாக அடிமரம் பருத்திருக்க வேண்டும். தொட்டிக்குள் மரம் பருக்காது. ரெண்டடிக்குக் குறைவான அரசை நான் இனிமேல் முயற்சி செய்ய மாட்டேன்.

அரசை வீட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கக்கூடாது. அதனால் சோழவந்தானில் கொழுந்தனார் தோப்பு ஓரத்தில் நட்டோம். குழியில் தரை ஓடு ஒன்றைப் போட்டு, அதன்மேல் வேரைப் பரப்பி வைத்தேன், வேர் கீழே இறங்காமல் பக்கத்தில் ஓட. ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் ஓடவிட்டேன். இலை எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சாப்பாடு அடிமரத்துக்கு. அந்தக் கிளை தென்னை உயரத்துக்குக் கிளம்பப் பார்த்தது. கொழுந்தனார் வாராவாரம் கேட்பார், "மதினி, எப்ப வெட்டுறீங்க?" அஞ்சு வருஷம் கழித்து ஒரு மாசி மாதம், இலை உதிர்ந்து மொட்டு வீங்கும் நேரத்தில் வெட்டி, வேரைக் குறைத்துத் தொட்டிக்கு ஏற்றினேன். மானாமதுரையில் சொல்லிச் செய்த அகலமான மண்தொட்டி, அடியில் மூணு ஓட்டை. மண் என்று பார்த்தால் சலித்த செங்கல் ஜல்லி பாதி, மிச்சம் ஆற்றுமணலும் செம்மண்ணும் மட்கிய எருவும். கண்மாய்க் கரம்பையைப் போட வேண்டாம், இறுகிவிடும்.

அப்புறம் இலை. வேரை வெட்டின வருஷம் இலையைத் தொடக்கூடாது. மறு வருஷம் ஆடியில், மரம் தெம்பாக இருந்தால் மட்டும், கத்தரிக்கோலால் ஒவ்வொரு இலையாக எடுக்க வேண்டும். காம்பை விட்டுவிட வேண்டும், அதன் அக்குளில்தான் அடுத்த மொட்டு. வெட்டின இடத்தில் வெள்ளையாகப் பால் துளிர்த்து விரல் பிசுபிசுக்கும். இலை போன மரத்துக்குத் தண்ணீர் குறைவாகப் போதும், அரை நிழலில் வைக்கணும். கொஞ்ச நாளில் காம்பைத் தொட்டாலே விழும். அந்த இடத்தில் செம்பு நிறத்தில் கொழுந்து விரியும். முதலில் என் உள்ளங்கையை மறைத்த இலை, ரெண்டாவது ஆடிக்குப் பிறகு வெற்றிலைக் கொழுந்து அளவுக்கு வந்தது. வால் மட்டும் அதே நீளம், காத்தில் அதே சலசலப்பு.

போர்ட்லண்டில் மகள் இதை ஜூனில் செய்வாள். முதல் தடவை செய்தபோது, "அம்மா, இதுலயும் பால் வருதும்மா!" என்றாள். அந்த மேப்பிளின் இலைக்காம்பிலும் பால்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம். இன்னொன்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மேப்பிளின் கிளைகளில் பாசி மெத்தையாகப் படிந்திருக்கும். அந்தப் பாசிக்குள் மரம் தன் கிளையிலிருந்தே வேர் விட்டுச் சத்து எடுக்கிறது. 1981-ல் நளினி நட்கர்னி என்ற ஆய்வாளர் இதை எழுதினார். நம் ஆலமரம் விழுது விடுவது போல, அது உச்சியிலேயே வேர் விடுகிறது.

மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குகிறீர்களே, பாவமில்லையா என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்கள். பட்டினியே கிடையாது. மாதம் ஒருமுறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், சித்திரையில் ரெண்டு வேளை தண்ணீர். குட்டையாக்குவது கத்தரிக்கோல் மட்டும்தான். இதே மரத்தை நாளைக்கே கண்மாய்க் கரையில் நட்டால், பிள்ளையார் உட்கார நிழல் தருகிற பெரிய அரசாக வளர்ந்துவிடும். அதன் குணம் எதுவும் மாறவில்லை. வெயில் காலத்தில் ஒன்று மட்டும் கவனியுங்கள். தொட்டியைத் தளத்தில் நேரே வைக்காதீர்கள், சூட்டில் வேர் வெந்துவிடும். பெஞ்சில் வைத்து ஈரச்சாக்கு சுற்றுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நாங்கள் ரெண்டு நாள் தல்லாகுளத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவோம். அப்போது தட்டில் ஈரமணல் பரப்பி அதன்மேல் தொட்டியை அமர்த்திவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவேன்.

இந்த ஆடிக்குப் பேத்தி வருகிறாள். அங்கே அவள் மேப்பிளுக்கு ஜூனிலேயே இலை எடுத்துவிட்டாள், போட்டோ வந்திருக்கிறது. இங்கே அரசில் நான் இன்னும் கை வைக்கவில்லை. கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்து எடுத்து வைத்திருக்கிறேன். அவள் வந்து எடுக்கட்டும்.

வணக்கம்.