நாற்பது லட்சம் டாலருக்கு ஓர் இரண்டாம் கேட்சர்: ஆஸ்டின் ஹெட்ஜஸ் கணக்கு

வணக்கம். இன்றைய காணொளியில் ஒரே ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கொடுக்கப்படும் சம்பளம் தகுமா என்று பார்க்கப் போகிறோம். அவர் அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் ஆடும் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் அணியின் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர், ஆஸ்டின் ஹெட்ஜஸ். 2024ஆம் ஆண்டுக்கு அந்த அணி அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் 40 லட்சம் டாலருக்கு எடுத்தது; 2025க்கும் அதே தொகைக்கு அவரையே வைத்துக்கொண்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவருடைய மட்டைவீச்சுச் சராசரியை, அதாவது மட்டை பிடித்த முறைகளில் ‘ஹிட்’ அடித்துத் தளத்தை எட்டிய பங்கை, திரையில் போடுகிறேன்: முதல் ஆண்டு 0.152, அடுத்த ஆண்டு 0.161. மேஜர் லீக்கின் பொதுச் சராசரி இந்தக் காலத்தில் 0.240ஐச் சற்றே தாண்டி நிற்கிறது. 0.200க்குக் கீழே இறங்கினாலே ‘மெண்டோசா கோட்டுக்குக் கீழே போய்விட்டார்’ என்று ஏளனம் செய்யும் விளையாட்டு இது. ஹெட்ஜஸோ அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே, “இப்படி ஆடுபவருக்கு இவ்வளவு பணமா?” என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம் செய்தாக வேண்டும். ஹெட்ஜஸை விட்டுவிட்டால் கிளீவ்லாந்துக்கு 40 லட்சமும் மிச்சமாகிவிடாது. அந்த இடத்தில் வேறொருவரை வைத்தே ஆக வேண்டும். 2025இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளமே 7,60,000 டாலர். எனவே நாம் உண்மையில் எடைபோட வேண்டியது இடையிலுள்ள 32,40,000 டாலரைத்தான். பெயர் தெரியாத ஓர் இளம் கேட்சரைவிட ஹெட்ஜஸ் இந்த அளவு கூடுதலாக எதைத் தருகிறார் என்பதே கேள்வி.

இரண்டாம் கேட்சர் எதற்கு என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். இடையே ஓய்வு நாள்கள் சொற்பம். ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்று நாற்பது, நூற்றைம்பது பந்துகளுக்குக் குந்தி எழும் ஒருவரால் அத்தனை ஆட்டங்களையும் ஆட முடியாது. இரவு ஆட்டம் முடிந்து மறுநாள் பகலிலேயே ஆட்டம் என்றால் பெரும்பாலும் மாற்று ஆள்தான் முகக்கவசத்தை மாட்டுவார். ஹெட்ஜஸ் ஆண்டுக்கு அறுபது, எழுபது ஆட்டங்களில் இறங்குவது இந்த முறையில்தான்.

இனி, அவருடைய வேலையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். ஆட்டக் காட்சிகளை இங்கே ஒளிபரப்ப எனக்கு உரிமை இல்லை. ஆகையால் இந்தக் கையுறையை வைத்துக் காட்டுகிறேன். மட்டையாளர் அடிக்காமல் விட்ட பந்தும் இந்த எல்லைக்குள் வந்தால் அவருக்கு எதிராக ‘ஸ்ட்ரைக்’ ஆகும்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் அவுட். அந்த ஸ்ட்ரைக் எல்லையின் கீழ் விளிம்பில் ஒரு பந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமில்லாதவர் கையை மேலிருந்து கீழே கொண்டுபோய்ப் பந்தைப் பிடிப்பார்; பந்தின் வேகத்தில் கையுறை இன்னும் சற்றுத் தாழும்; நடுவரின் கண்ணுக்கு அது எல்லைக்கு வெளியே விழுந்த பந்தாகவே தெரியும். தேர்ந்தவர் கையுறையை முன்கூட்டியே தரையருகே இறக்கி வைத்து, கீழிருந்து மேலாக, ஒரே வீச்சில், மணிக்கட்டு அதிராமல் பந்தை ஏந்துவார். அதே பந்துக்கு நடுவர் ஸ்ட்ரைக் கொடுத்துவிடுவார். இதைத்தான் ஃப்ரேமிங் என்கிறார்கள்.

இது நடுவரை ஏமாற்றும் வித்தை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. நன்றாக வீசப்பட்ட பந்தைக் கெடுக்காமல் காட்டுவதும் ஒரு திறமைதான். இதற்கு மதிப்பு உண்டு என்று பழைய பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தாலும், எண்ணிக்கையில் நிறுவப்பட்டது பந்தின் பாதையைப் பதிவுசெய்யும் கேமராக்கள் வந்த பிறகே. 2011இல் மைக் ஃபாஸ்ட் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட கணக்கில், மட்டையை வைத்துப் பார்த்தால் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஹோசே மொலினா முதல் வரிசையில் நின்றார். அந்தக் குளிர்காலத்திலேயே டாம்பா பே ரேஸ் அணி அவரை எடுத்து, அடுத்த பருவத்தில் 37 வயதில் தன் முதன்மை கேட்சராக நிறுத்தியது. ஹெட்ஜஸும் அந்த இனத்தைச் சேர்ந்தவர். சான் டியகோ பாட்ரேஸில் ஆடிய 2019ஆம் ஆண்டில் அவருடைய சராசரி 0.176 மட்டுமே, ஆனால் ஃப்ரேமிங்கில் லீக்கின் உச்சியில் இருந்தார்.

இப்போது பேனாவை எடுப்போம். இது என்னுடைய தோராயக் கணக்கு; புள்ளிவிவர நிறுவனம் எதுவும் வெளியிட்டதன்று. ஓர் இரண்டாம் கேட்சர் ஆண்டுக்கு 150 முறை மட்டை பிடிக்கிறார் என்று கொள்வோம். 0.152 அடிப்பவருக்கும் 0.220 அடிப்பவருக்கும் இடையே அந்த 150இல் வரும் வேறுபாடு பத்து ஹிட். ஆறு மாதப் பருவம் முழுவதற்கும் சேர்த்தே பத்துதான்! சராசரியைப் பார்க்கும்போது பாதாளமாகத் தெரிவது, எண்ணிப் பார்த்தால் மாதத்துக்கு இரண்டு ஹிட்கூட இல்லை. ஓர் ஹிட் ஆக வேண்டியது அவுட் ஆகிவிட்டால் அணிக்கு ஏறத்தாழ முக்கால் ஓட்டம் இழப்பு. ஆகப் பத்துக்கு ஏழு, ஏழரை ஓட்டங்கள்.

மறுபக்கம், எல்லையோரப் பந்து ஒன்றை ஸ்ட்ரைக்காக மாற்றுவதன் மதிப்பு ஓர் ஓட்டத்தில் எட்டில் ஒரு பங்கு என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. அறுபத்துச் சொச்சம் ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒன்றைவிடச் சற்றுக் கூடுதலாக, மொத்தம் 80 பந்துகளை ஒருவர் ஸ்ட்ரைக்காக வாங்கித் தந்தால், அது பத்து ஓட்டங்கள். பத்து ஓட்டங்களை ஒரு வெற்றி என்று கணக்கிடுவது வழக்கம். ஆக, மட்டையில் இழந்ததைக் கையுறை மீட்டுத் தந்து, மேலும் மூன்று ஓட்டங்களை மிச்சம் வைக்கிறது. அது ஒரு வெற்றியில் பத்தில் மூன்று பங்கு. திறந்த சந்தையில் ஒரு வெற்றியின் விலை 80 லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். அப்படியானால் ஹெட்ஜஸ் போன்ற ஒருவரின் கூடுதல் மதிப்பு 24 லட்சம். நாம் எடைபோட வேண்டிய 32,40,000இல் இதைக் கழித்தால் மீதி 8,40,000 டாலர்.

என் பார்வையில் வழக்கு இந்த எட்டு லட்சத்துச் சொச்சத்தைப் பற்றியதுதான். ‘தலைமைப் பண்பு’, ‘ஓய்வறையின் உயிர்நாடி’, ‘பந்து வீச்சாளர்களின் நம்பிக்கை’ என்று வர்ணனையாளர்கள் பேசுவதெல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். அது அடங்கும் என்றே நினைக்கிறேன்.

ஏன் என்பதற்கு டேவிட் ராஸ் என்ற இன்னோர் இரண்டாம் கேட்சரைப் பாருங்கள். சிகாகோ கப்ஸ் அணி 2014 டிசம்பரில் ஜான் லெஸ்டரை ஆறு ஆண்டுகளுக்கு 15.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அதே மாதத்தில் ராஸுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 50 லட்சம் கொடுத்தது. லெஸ்டர் உயர்ந்த தரமான இடக்கைப் பந்து வீச்சாளர்; ஆனால் முதல் தளத்துக்குப் பந்தை எறிவதில் அவருக்கு ஒரு மனத்தடை இருந்தது. அதே ஆண்டின் வைல்ட் கார்டு ஆட்டத்தில், அதாவது அடுத்த சுற்றுக்கு யார் என்று முடிவுசெய்யும் ஒற்றை ஆட்டத்தில், ஓக்லாண்டுக்காக அவர் வீசத் தொடங்கிய அந்த இரவில், கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் ஏழு தளங்களைத் திருடி, அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்து, ஆட்டத்தையே பறித்துக்கொண்டது. தளத்தில் நிற்கும் ஓட்டக்காரரை லெஸ்டர் கட்டிவைக்காவிட்டால், கேட்சர்தான் கட்டிவைக்க வேண்டும். பாஸ்டனிலேயே அவருடைய பந்துகளைப் பிடித்துப் பழகிய ராஸ் அதைச் செய்தார். 2015இல் ராஸின் சராசரி 0.176. அதை மட்டும் பார்த்து அவரை அனுப்பியிருந்தால் கப்ஸ் எதை மிச்சப்படுத்தியிருக்கும்? 2016இல், 108 ஆண்டுகள் காத்திருந்த பட்டத்தை கப்ஸ் வென்ற உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 39 வயது ராஸ் ஹோம் ரன் அடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஹோம் ரன்னுக்காக அவரை யாரும் எடுக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஹெட்ஜஸைப் புகழ்பவர்கள் யார் என்று கவனியுங்கள். கிளீவ்லாந்தின் மேலாளர் ஸ்டீபன் வோட் 2022 வரை கேட்சராக ஆடியவர். 2023இல் பருவத்தின் நடுவே ஹெட்ஜஸை பிட்ஸ்பர்கிலிருந்து வாங்கி உலகத் தொடரை வென்ற டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் அப்போதைய மேலாளர் புரூஸ் போச்சி, தம் ஆட்டக் காலத்தில் அவரும் இரண்டாம் கேட்சர். ராஸும் பின்னர் கப்ஸின் மேலாளரானார். தீர்ப்புச் சொல்பவர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாக இருக்கும்போது, அவர்கள் சான்றிதழை அப்படியே ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதனால்தான் அந்தப் புகழ்ச்சிக்கு எட்டு லட்சத்துச் சொச்சத்துக்கு மேல் நான் விலை வைக்கவில்லை.

இதுவரை ஹெட்ஜஸின் பக்கம் பேசினேன். எதிர்ப்பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அது ஹெட்ஜஸைப் பற்றியது அன்று, கிளீவ்லாந்தைப் பற்றியது. அந்த அணியின் முதன்மை கேட்சர் போ நெய்லர் 2024இல் 0.201, 2025இல் 0.195 அடித்தார். ஹோம் ரன் அடிக்கும் பலம் அவருக்கு உண்டு என்றாலும், சராசரி இதுதான். முதல் ஆள் நன்றாக அடித்தால், இரண்டாம் ஆள் அடிக்காததை வாரத்தில் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளலாம். இருவருமே 0.200ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும் அணியில், எந்த நாளானாலும் மட்டை வரிசையின் ஓர் இடம் காலியாகவே கிடக்கிறது. 2025இல் அந்த அணி முழுவதுமே மட்டையில் மிகவும் பின்தங்கியிருந்தது. பந்து வீச்சை நம்பித்தான் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. பந்து வீச்சால் வெல்லும் அணிக்கு நல்ல கேட்சர் தேவை என்று இதைச் சாதகமாகவும் வாதிடலாம். ஆனால் செலவைச் சுருக்கி நடத்தப்படும் கிளீவ்லாந்து போன்ற அணியில் 32 லட்சம் டாலர் சும்மா வந்துவிடாது. அந்தத் தொகையில் வெளிக்களத்துக்கு ஓரளவு அடிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடியிருக்கலாம். 2024 ஒப்பந்தம் சரியானது என்று தயங்காமல் சொல்வேன். 2025 ஒப்பந்தத்தை அந்த உறுதியோடு என்னால் சொல்ல முடியவில்லை.

2026இலிருந்து கணக்கின் அடித்தளமே நகர்கிறது. மேஜர் லீக் தானியங்கி ஸ்ட்ரைக் முறையீட்டை, அதாவது நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பைக் கேமராக்களைக் கொண்டு சரிபார்க்கக் கேட்கும் முறையை, கொண்டுவருகிறது. ஒவ்வோர் அணிக்கும் ஆட்டத்துக்கு இரண்டு முறையீடுகள். வென்றால் அது கையிலேயே இருக்கும், தோற்றால் கழியும். மட்டையாளர், பந்து வீச்சாளர், கேட்சர் ஆகிய மூவர் மட்டுமே, வெளியிலிருந்து எந்த உதவியும் பெறாமல், உடனடியாகத் தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். முக்கியமான நேரத்தில் கையுறை வாங்கித் தந்த ஸ்ட்ரைக்கை மட்டையாளர் இனி முறையிட்டுத் திருப்பிப் பெறலாம். ஆகையால் நான் போட்ட 80 பந்துகளில் சில, அதிலும் விலை மிகுந்த சில, பறிபோகும். அவை அறுபதாகக் குறைந்தால், பத்து ஓட்டம் ஏழரை ஆகிவிடும். மட்டையில் இழந்ததோடு அது சரியாகிவிட, மிச்சம் எதுவும் இராது.

இதற்கு மாற்றாக ஒன்று கிடைக்கிறது. எந்தப் பந்து எல்லையைத் தொட்டது என்பதைக் கேட்சரைவிட நன்றாகப் பார்க்கும் இடத்தில் வேறு யாரும் இல்லை. 2025 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் இம்முறையைச் சோதித்தபோது, முறையீடுகளில் பந்து வீச்சாளர்களைவிடக் கேட்சர்களே அதிக விகிதத்தில் வென்றார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் கோபத்தில் ஒன்றை வீணாக்காமல், எட்டாவது இன்னிங்ஸில் தளங்கள் நிறைந்திருக்கும்போது கேட்கத் தெரிந்தவர் எத்தனை ஓட்டங்களைக் காப்பாற்றுவார் என்பது சில பருவங்கள் கடந்த பின்பே தெரியும். பத்தாண்டுகளாக எல்லையோரப் பந்துகளோடு வாழ்ந்த ஹெட்ஜஸ் இதில் தேர்ந்தவராக இருப்பார் என்பது என் ஊகம். அந்த ஊகத்துக்காக நான் பணம் கொடுப்பதாக இருந்தால், 40 லட்சம் கொடுக்க மாட்டேன். 25 லட்சத்தில் தொடங்கி, அவர் வென்ற முறையீடுகளைப் பார்த்து அடுத்த ஆண்டு பேசுவேன்.

அடுத்த காணொளியில் தளத் திருட்டைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். தளங்களைப் பெரிதாக்கிய 2023இல் திருட்டு 2,486இலிருந்து 3,503ஆக எகிறியது. அதில் கேட்சரின் எறிதிறனுக்கு எவ்வளவு பங்கு என்பது தனியாக ஆராய வேண்டிய சங்கதி. வணக்கம்.