தோட்டத்தில் திகிலடைந்தவர்

கிறிஸ்துமஸ் கூட்டத்தில், சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்கள் செயலாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஐயா, அது பெரிய வெள்ளிக்கு உள்ளதாச்சே?" என்றார். நியாயமான கேள்விதான். மாட்டுத்தொழுவத்தைப் பற்றி இந்த மாதம் முழுக்கக் கேட்கப்போகிறீர்கள். "அந்த வார்த்தை மாம்சமாகி", அதாவது தேவகுமாரன் மனிதனாகி, என்று யோவான் எழுதினாரே, அந்த மாம்சம் எவ்வளவு ஆழம் வரை போனது என்று பார்க்க வேண்டுமானால், கெதரோன் ஆற்றைக் கடந்து ஒலிவமலை அடிவாரத்துக்குத்தான் போக வேண்டும்.

இயேசு பசித்தார், யாக்கோபின் கிணற்றருகே களைத்து உட்கார்ந்தார், லாசருவின் கல்லறையில் அழுதார். இவற்றையெல்லாம் நாம் சுலபமாக ஒப்புக்கொள்கிறோம். பயந்தார் என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் நெளிகிறோம். மாற்கு அப்படி நெளியவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டுபோய், "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று எழுதிவிட்டார். கல்லெறி தூரம் தள்ளிப்போய் முழங்கால்படியிட்டார் என்கிறார் லூக்கா. இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் சாவு, என்னைவிட்டு நீங்கட்டும் என்று ஜெபித்துவிட்டுத் திரும்பி வருகிறார், சீஷர்கள் தூங்குகிறார்கள். எழுப்புகிறார். மறுபடி போகிறார், மறுபடி வருகிறார், மறுபடியும் தூக்கம். மரண பயத்தில் இருக்கும் ஒருவர் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று தேடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? "ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" என்ற கேள்வியை அந்தக் காதோடு கேளுங்கள்.

கிறிஸ்தவர்களைக் கேலி செய்தவர்களுக்கு இது நல்ல தீனி. இரண்டாம் நூற்றாண்டில் செல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர், கடவுளாக இருந்தால் சாவுக்குப் பயந்து ஏன் புலம்ப வேண்டும் என்று கேட்டார். சங்கடமான இந்தப் பகுதியைச் சுவிசேஷகர்கள் சத்தமில்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

வெளியே இருந்தவர் கேலி செய்தது போகட்டும். சபைக்குள்ளேயே, அதுவும் பக்தியின் பெயரால், இதை மழுப்பப் பார்த்தவர்கள் உண்டு. நான்காம் நூற்றாண்டில் சிரியாவின் லவோதிக்கேயாவில் ஆயராக இருந்த அப்பொலினாரியுஸ் சாதாரண ஆள் அல்ல. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சங்கம் அறிக்கையிட்ட விசுவாசத்துக்காக, குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் கூட்டத்தாரோடு மல்லுக்கட்டியவர். அவருக்கு ஒரு சிக்கல். மனித மனம் தடுமாறும், அசுத்தமான எண்ணங்களுக்கு அடிமையாகும். அப்படிப்பட்ட மனம் கிறிஸ்துவுக்கு எப்படி இருக்க முடியும்? ஆகவே உடல் மனித உடல், மனம் இருக்க வேண்டிய இடத்தில் தெய்வீக வார்த்தை என்று ஏற்பாடு செய்துவிட்டார். கேட்கும்போது மரியாதையாகத்தான் இருக்கிறது. நம் சபைகளில் பாதிப்பேர் பெயர் தெரியாமலே அப்பொலினாரியுஸின் கட்சிதான் என்பது என் எண்ணம்.

அதற்குக் கப்பதோக்கியாவிலிருந்து பதில் வந்தது. ஆயர் நாசியான்சு கிரகோரியார், கிளெதோனியுஸ் என்ற குருவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரியில் முடித்தார்: மனிதத்தன்மையில் எதைக் கிறிஸ்து எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. ஆதாமில் பாதிதான் விழுந்தது என்றால் பாதியை மட்டும் எடுத்தால் போதும். முழு மனிதனும் விழுந்திருக்கிறானே என்று கேட்டார். விழுந்ததில் முதலில் அடிபட்டதே மனம்தான், அதை விட்டுவிட்டு உடலை மட்டும் காப்பாற்றுவதா என்பது அவர் வாதம். 381-இல் கான்ஸ்டாண்டினோப்பிள் சங்கம் அப்பொலினாரியுஸின் போதனையைத் தள்ளியது.

இது ஏதோ பழைய பண்டிதர் சண்டை என்று நினைக்காதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போயிருந்தேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள், "விசுவாசம் இருந்தா பயப்படக்கூடாதுப்பா" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எனக்குப் பயமாத்தான் இருக்கு. விசுவாசம் போயிடுச்சோ?" என்றார். பயத்தோடு சேர்த்துக் குற்றவுணர்ச்சியையும் அவர் தலையில் ஏற்றிவிட்டார்கள். பயப்படாத கிறிஸ்துவைப் பிரசங்கித்தால் இதுதான் நடக்கும். பலவீனம் வேறு, பாவம் வேறு. எபிரெயர் நிருபம் இரண்டையும் ஒரே வசனத்தில் பிரித்துக் காட்டுகிறது: "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற பிரதான ஆசாரியர்."

சரி, அவரும் பயந்தார் என்பதால் நமக்கு என்ன இரட்சிப்பு? கூடவே பயப்பட ஒரு துணை கிடைத்தது, அவ்வளவுதானா? ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கேள்விக்காக ஒருவர் நாக்கையும் வலது கையையும் இழந்தார். பைசாந்தியப் பேரரசைப் பிளவில்லாமல் ஒட்டவைக்க, கிறிஸ்துவுக்குத் தெய்வ சித்தம், மனித சித்தம் என்று இரண்டில்லை, ஒரே சித்தம்தான் (விருப்பம்தான்) என்ற சமரசத்தை முதலில் அரண்மனை முன்வைத்தது. பிறகு 648-இல் பேரரசர் கான்ஸ்டன்ஸ், ஒரு சித்தமா இரண்டு சித்தமா என்று யாரும் வாயே திறக்கக்கூடாது என்று ஆணையிட்டார். மாக்சிமுஸ் என்ற துறவி வாய்மூடவில்லை. அவர் திரும்பத் திரும்பக் கைவைத்தது கெத்செமனே ஜெபத்தின்மேல்: "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." அங்கே பேசுவது மனித சித்தம். சாவைக் கண்டு ஒதுங்க நினைக்கும், உயிர்மேல் ஆசையுள்ள, இயல்பான மனித சித்தம். அதே சித்தம்தான் பிதாவுக்குச் சம்மதமும் சொல்கிறது. ஏதேனில் மனிதன் சொன்ன "மாட்டேன்" என்பதை, வானத்திலிருந்து ஓர் ஆணை போட்டு அழித்துவிடவில்லை. நடுங்குகிற மனிதக் குரலே "ஆகட்டும்" என்று சொல்லி அதைத் திருத்தியது. நம் இரட்சிப்பு அந்தச் சம்மதத்தில் இருக்கிறது. இதைச் சொன்னதற்குத்தான் தண்டனை. நாடுகடத்தப்பட்ட இடத்தில் 662-இல் மாக்சிமுஸ் இறந்தார். 681-இல் கான்ஸ்டாண்டினோப்பிளில் முடிந்த ஆறாம் பொதுச்சங்கம், இரண்டு சித்தங்கள் உண்டென்று அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

அந்தப் பெரியவருக்கு அன்றிரவு நான் மாற்கு 14-ஐ வாசித்தேன். வாசித்து முடித்ததும், "அப்ப அவரும் வேண்டாம்னு கேட்டாரா?" என்றார். கேட்டார் என்றேன். கேட்டது தப்பில்லை என்றும் சொன்னேன்.

முன்னே சொன்ன எபிரெயர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இதைவிடத் துணிச்சலான வாக்கியம் ஒன்று இருக்கிறது: குமாரனாயிருந்தும் அவர் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று. தேவகுமாரன் கற்றுக்கொண்டார்! வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். அதைப் பேசத் தொடங்கினால் செயலாளர் மணியடித்துவிடுவார்.