திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம்தானா?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "பினாங்கிலிருந்து திருச்சி எத்தனை கிலோமீட்டர்? மகன் கேஎல் (கோலாலம்பூர்) வழியாக டிக்கெட் போட்டிருக்கிறான். கேஎல்லில் இரவு 8.30-க்குக் கிளம்பினால் 10 மணிக்குத் திருச்சியாம். திரும்பும்போது இரவு 11-க்குக் கிளம்பி விடிகாலை 5.30-க்குத்தான் வருமாம். போகும்போது மட்டும் ஏன் அவ்வளவு வேகம்?" இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம்.

முதலில் தூரம். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு போட்டால் சுமார் 2,450 கிலோமீட்டர். நீங்களோ முதலில் 325 கிலோமீட்டர் தெற்கே, கேஎல் விமான நிலையம் இருக்கும் செப்பாங்குக்கு வருகிறீர்கள். அங்கிருந்து திருச்சி சுமார் 2,690. ஆக 3,000-ஐத் தாண்டிவிடும். மேலே மணிக்கு 800, 850 கிலோமீட்டரில் பறந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து கேஎல்–திருச்சிக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். வரும்போதும் அவ்வளவுதான். காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும்.

சரி, மீதி நேரம் எங்கே போனது? பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் ஓயாமல் சொல்வதுதான்: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். அந்த 10 மணி திருச்சியின் 10 மணி. இங்கே மலேசியாவில் அப்போது 12.30. நாம் இந்தியாவுக்கு இரண்டரை மணி முந்தி. போகும்போது நாலில் இரண்டரையைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்.

எங்கள் பெரியம்மா இதே மாதிரி ஒரு டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, மகள் பத்து மணிக்கே இறங்கியிருப்பாள் என்று பத்தே காலிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தார். விமானம் அப்போதுதான் சுமத்ராவைத் தாண்டியிருக்கும். சொந்தக்காரர்கள் ஒருவரையும் தூங்கவிடவில்லை. நள்ளிரவுக்கு மேல் அந்தப் பெண் இறங்கிப் பேசினாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம், பெரியம்மா!

ஆனால் அம்மா, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. ஏன் இரண்டரை மணி? சூரியக் கணக்குப்படி பினாங்குக்கும் திருச்சிக்கும் ஒன்றரை மணிகூட வித்தியாசம் கிடையாது. தீர்க்கரேகையில் இருபத்தொன்றரைப் பாகை, பாகைக்கு 4 நிமிடம், மொத்தம் 86 நிமிடம். மீதியெல்லாம் அரசாங்கங்கள் வைத்த நேரம். 1981 டிசம்பர் 31 நள்ளிரவில் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன் இந்தியாவோடு வித்தியாசம் இரண்டு மணிதான். பினாங்கில் உச்சிவெயில் ஒன்றே காலுக்கு வருவதும், பிள்ளைகள் இருட்டோடு பள்ளிக்கூட பஸ் ஏறுவதும் இதனால்தான்.

அப்புறம், திருச்சிக்குப் போகிறவர்கள் ஜாதகம் பார்க்காமல் வருவதில்லையே! இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1982-க்கு முன் இங்கே பிறந்தவர் என்றால், அன்றைய நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தி என்று ஜோசியரிடம் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டரில் எட்டு என்று போட்டுவிட்டால் லக்னமே மாறக்கூடும். போரின்போது ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் பிறந்த பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் அதற்கும் கணக்கு வேறு. அப்போது இங்கே ஓடியது டோக்கியோ நேரம், ஒன்பது மணி.