வாடகை வீடும் கல்லறைக் குழியும்
(நாகர்கோவிலில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அருள்பணியாளர்களே, அய்யாவழிப் பதியிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, கருஞ்சட்டைத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம்பிக்கையுள்ளோரும் நம்பிக்கையற்றோரும் உரையாடுவது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். கடவுள் உண்டா இல்லையா என்றொரு பட்டிமன்றத்தை எதிர்பார்த்து இங்கே சிலர் வந்திருக்கக்கூடும். அவர்களை ஏமாற்றப் போகிறேன். நம் ஊரில் ஒருவர் வாடகைக்கு வீடு தேடிப் போனால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வாடகை, முன்பணம், தண்ணீர் என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார் எந்தக் கோயிலுக்குப் போவீங்க?" தேவாலயத்தையும் கோயில் என்றே சொல்லும் ஊர் இது என்பதால், கேள்வி பொதுவானதாகத்தான் தோன்றும். ஆனால் வரும் பதிலைக் கொண்டு மதத்தையும், மதத்துக்குள் எந்தச் சபை என்பதையும், பல வேளைகளில் சாதியையும் கணித்துவிடுவார்கள். ஓர் இளம் நண்பருக்காக நானும் ஒருமுறை கூடப் போயிருந்தேன். "நான் எங்கேயும் போறதில்லை" என்று அவர் உண்மையைச் சொன்னார். வீட்டுக்காரர் கையில் எடுத்திருந்த சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டினார். "வீட்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு, இஸ்லாமியர் 4.20 விழுக்காடு. தராசு இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இடத்தில் ஒவ்வொரு தலையும் எண்ணப்படுகிறது. எந்தத் தட்டிலும் ஏறாதவர், எதிர்த்தட்டுக்காரரின் ஆளோ என்று சந்தேகிக்கப்படுகிறார். அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு முதலில் சொல்வது மனச்சான்றுச் சுதந்திரத்தை. மதத்தைப் பின்பற்றும் உரிமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அந்த வரிசையை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை.

ஒரு மதத்துக்குள் நிகழும் பாகுபாட்டைப் பற்றி வெளியாள் பேசலாமா என்ற கேள்வி பழையது. 1924இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்து வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியபோது, அதன் முன்னணியில் ஜார்ஜ் ஜோசப் என்ற கிறித்தவர் நின்றார். இதை இந்துக்களிடமே விட்டுவிடுங்கள் என்று காந்தியடிகள் அவருக்கு எழுதினார். காந்தியடிகள் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் இந்த ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. தெரு பொதுத்தெரு என்றால், அதில் தடுக்கப்பட்டவரோடு நிற்பதற்கு எந்த ஞானஸ்நானமும் எந்தத் தீட்சையும் தடையாக முடியாது. அதே வைக்கத்துக்கு, பிற்காலத்தில் கடவுள் மறுப்பின் முகமாகவே ஆகிவிட்ட பெரியார், அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக வந்து சிறை சென்றார். 1926இல் சுசீந்திரத்தில் டாக்டர் எம். எம்பெருமாள் நாயுடு முன்னின்று நடத்திய சத்தியாக்கிரகமும் தெருவுக்காகத்தான். 1936 நவம்பர் 12ஆம் நாள் திருவிதாங்கூர் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டதற்குப் பின்னால் இத்தனை பேரின் கால்கள் இருக்கின்றன.

தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சாமித்தோப்புப் பதியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வணங்குகிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவரோடு சமத்துவம் பேச உட்கார முடியாது. தலையில் துண்டு கட்டுவதற்குக்கூட உரிமையற்றவராக ஆக்கப்பட்டவர்களின் தலையில், அய்யாவழியின் நிறுவனர் வைகுண்டர் கட்டிய துணி அது. எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க அவர் வெட்டியதுதான் முத்திரிக் கிணறு. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா பொதுவுடைமைக்காரர், நாத்திகர். ஆனால் மேடையில் கம்பனைப் பேசினால், பக்தர்களும் எழுந்து போகமாட்டார்கள். நம் தோழர்கள் சிலருக்கு இந்த நயம் இன்னும் கைவரவில்லை.

மண்டைக்காட்டையும் சொல்லாமல் விட முடியாது. அங்கே இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் மோதல் மூண்டு, 1982 மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். கலவரம் கடற்கரை ஊர்களுக்குப் பரவியது. அப்போது சமாதானம் பேச இங்கே வந்தவர்களில் ஒருவர் குன்றக்குடி அடிகளார். பெரியாரை மேடைகளில் மறுத்துப் பேசி, பின்னர் அவருக்கே நெருங்கிய நண்பரானவர் அவர். தன் சமயத்தையே மறுக்கும் ஒருவரோடு பேசிப் பழகிய ஒரு மடாதிபதிக்கு, இன்னொரு சமயத்தாரின் குடிசைக்குள் போய் உட்காருவது கடினமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். என் தாய்மாமா போகாதவர், கட்சிக்காரர். அவர் இறந்தபோது, சபைச் சந்தா கட்டாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். ஊர்ச் சுடுகாடோ வேறொரு சமுதாயத்தாருடையது. கடைசியில் மாமாவின் சொந்த விளையில், இரண்டு தென்னைகளுக்கு நடுவே குழி வெட்டினோம். மண்வெட்டியோடு முதலில் வந்தவர் நெற்றியில் நாமம் இட்ட பக்கத்து வீட்டு அண்ணன். இரண்டாவதாக வந்தவர் எங்கள் கோயிலில் மணி அடிக்கிறவர். ஜெபம் கூடாது என்று மாமாவின் தோழர் சொன்னார். ஒரு பாட்டாவது வேண்டும் என்று அம்மா அழுதாள். அரைமணி நேரம் திண்ணையில் பேசினோம். பாட்டு வீட்டுக்குள், குழியருகில் மௌனம் என்று முடிவாயிற்று. அம்மா பாடி முடிக்கும்வரை அந்தத் தோழர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்றார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் ஊரில் எந்த மயானம் யாருக்கு மூடியிருக்கிறது, உள்ளாட்சியின் பொது மயானத்துக்குப் பாதை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு வாருங்கள். அதற்கடுத்த கூட்டத்தில் வாடகை வீட்டைப் பேசுவோம். வீடு வைத்திருப்பவர்கள் இந்த மன்றத்திலேயே பலர் இருக்கிறீர்கள். கடவுள் உண்டா என்பதை மூன்றாவது கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அதில் வாதாட எனக்கும் ஆசை உண்டு.